நாலாவது கோடு

என் வீட்டுக்காரர் ஏ.சி. ரிமோட்டைக் கையில் எடுத்தாலே நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவேன்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். அதற்குப் பயப்படுவது அவர் வேலை. என் பயம் வேறு. எங்கள் ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குள், விசிறி இறக்கைக்கு இரண்டு விரல் தள்ளி, மூன்று அணில் குட்டிகள் கண்கூடத் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், கதை முடிந்தது. முதலில் குட்டிகளின் கதை. பிறகு என் மகளின் கதை. கடைசியில் என் கதை.

இது எனக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"கட்டின புருஷன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சொல்லியிருப்பேன். பாம்பு புகுந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். அணில் என்பதுதான் சிக்கல்.

அதற்குக் காரணம் போன வருஷம் நடந்த ஒரு கதை. அவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தார். பெரிய மேனேஜர், அதற்கும் பெரிய மேனேஜர் எல்லோரும் திரையில். "கண்டிப்பா முடிச்சிடலாம் சார்" என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பால்கனியில் ஓர் அணில் இன்டர்நெட் ஒயரைக் கடித்தது. திறந்த வாய் திறந்தபடியே திரையில் நின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டான். இன்றைக்கும் அவர் ஆபீசில் யாருக்காவது கொட்டாவி வந்தால் அந்த ஸ்டிக்கர்தான் போகிறது.

அன்றைக்குப் பால்கனியில் நின்று சபதம் போட்டார்.

"ராமர் தடவிக் கொடுத்து மூணு கோடு போட்டாரு. நாலாவது கோட்டை இந்த ஞானசேகரன் போடுவான்! இனிமே ஒரு அணில் இந்தப் பக்கம் வரட்டும், நல்லாக் கவனிக்கிறேன்!"

எங்கள் வீட்டில் 'கவனி' என்ற சொல்லுக்கு அன்றைக்கு ஓர் அர்த்தம் வந்தது. அதே சொல்லுக்கு இன்னோர் அர்த்தத்தை இந்த வருஷம் பொங்கல் கழித்து கோமளா டீச்சர் கொண்டுவந்தார்.

கோமளா டீச்சர் என் மகளுக்கு மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர். மகள் பெயர் வெண்பா. இலக்கணம் பிசகாமல் வளரட்டும் என்று அப்பாக்காரர் வைத்த பெயர். அப்படியே வளர்ந்துவிட்டாள். பொய் சொல்லச் சொன்னால் அவளுக்குத் தளை தட்டும்.

"ஒரு மரம், ஒரு பிராணி," என்றார் டீச்சர், பெற்றோரையெல்லாம் கூட்டி வைத்து. "கோடை லீவு வரைக்கும் பிள்ளைங்க கவனிக்கணும். பருவம் மாற மாற அதுங்க எப்படி மாறுதுன்னு அவங்களே கண்டுபிடிக்கணும். கடைசியில எல்லார் முன்னாடியும் வந்து சொல்லணும். நீங்க சொல்லிக் கொடுக்காதீங்க. கேள்வி மட்டும் கேளுங்க."

என் வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பதில்தான் பழக்கம். அன்று மாலையே கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார். நாலு கட்டம், நாலு பருவம். நாலாவது கட்டத்தில் கேரட் மூக்கோடு ஒரு பனிப் பொம்மை.

"அப்பா, பூந்தமல்லியில எப்ப இப்படிப் பனி கொட்டும்?"

"அது... மார்கழியில."

"மார்கழியில மழைதானேப்பா கொட்டுச்சு? ஸ்கூலுக்கு லீவு விட்டாங்களே? நம்ம தெருவுல நண்டு வந்துச்சே?"

"பனி கொஞ்சம் லேட்டா வரும்."

"தைதான் வந்துடுச்சேப்பா, காணோமே?"

"எழில், இவளுக்குப் பசிக்குது போலிருக்கு. என்னன்னு பாரு."

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவளில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவதோடு சரி. எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். காலையில் வெண்பாவுக்கு ஜன்னல் ஓரமாக உட்கார்த்தித் தலை பின்னுவேன். ஜன்னலுக்கு வெளியே வாதாம் மரம். தலையை ஆட்டினால் பின்னல் கோணும் என்பதால் அவள் மரத்தையே பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் இரண்டே கேள்வி. "நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்கு? நேத்து இருந்தது இன்னைக்கு என்ன இல்ல?"

அவ்வளவுதான். பிள்ளைக்குக் கண் திறந்துவிட்டது.

தை மாதம் வாதாம் இலை சிவந்தது. மாசியில் கொட்டியது. மொட்டைக் கிளையின் நுனியில் மெழுகுவர்த்தி மாதிரி பச்சையாக ஒன்று நீட்டியது. இரண்டு நாள் கழித்து அது விரிந்து இலையானது. குயில் கத்த ஆரம்பித்த வாரமே தள்ளுவண்டியில் மாவடு வந்தது. எல்லாவற்றையும் அவளே பார்த்துச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால், திறந்த கண் மரத்தோடு நிற்குமா?

"அம்மா, நேத்து அப்பா தலையில இருந்தது இன்னைக்குச் சீப்புல இருக்கு."

"உஷ்."

"வாதாம் மரத்துக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்துல கொட்டுதும்மா. மரத்துக்கு மறுபடி துளிர்த்துடுச்சு. அப்பாவுக்கு எந்த மாசம்?"

சோபாவில் இருந்து குரல் வந்தது. "எழில், அவளை மரத்தை மட்டும் பார்க்கச் சொல்லு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், பாதிப் பின்னலில், "அம்மா, அணில் தேங்காய் நாரைத் தூக்கிட்டு மரத்துக்குப் போகாம நம்ம அடுப்படிப் பக்கம் போகுது" என்றாள். பின்னலைக் கையில் பிடித்தபடியே அவளோடு நானும் ஓடினேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி. குழாய் நுழைகிற சந்து வழியாக அணிலின் வால் உள்ளே போய் மறைந்தது.

இரண்டு வாரம் கழித்து, தாய் அணில் வெளியே போன நேரத்தில், போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். உரித்த சின்ன வெங்காயம் மாதிரி மூன்று குட்டிகள். மெத்தைக்குத் தேங்காய் நார், பஞ்சு, அப்புறம் நீலமாக ஏதோ. உற்றுப் பார்த்தேன். கொடியில் காயப்போட்டுக் காணாமல் போன அவருடைய ஈரோட்டுத் துண்டு.

"அம்மா, இதுதான் என்னோட பிராணி," என்றாள் வெண்பா. முகம் அப்படி மலர்ந்திருந்தது. அடுத்த நொடியே வாடியது. "அப்பா ஏ.சி. போட்டா?"

"போட மாட்டார்."

"அப்பா என்கிட்ட கேட்டா நான் சொல்லிடுவேன்."

"கேட்டாத்தானே? கேக்காம நீயா சொல்லாதே."

கொஞ்சம் யோசித்தாள். இலக்கணம் இடித்ததோ என்னவோ. பிறகு, "சரி. கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து என் வேலை, யாரும் அவளை எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்வது.

பங்குனி வெயில் ஆரம்பித்தது. பூந்தமல்லியை ஒட்டிய எங்கள் செந்நீர்க்குப்பத்து வெயில் உங்களுக்குத் தெரியாது. மேலே சூரியன், பக்கத்தில் பெங்களூர் ஹைவே. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அனலை அனுப்பும். என் வீட்டுக்காரர் ஏ.சி.யைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பவர். அவருக்கு மழைக்கோட்டு கிடையாது. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை உண்டு. அதை உருவிக்கொண்டு அறிவித்தார். "இந்த வருஷம் இன்னைக்கே திறப்பு விழா!"

ரிமோட் வேலை செய்யவில்லை. அதன் பாட்டரி அப்போது என் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் இருந்தது.

மறுநாள் புது பாட்டரி வாங்கி வந்தார். அதற்குள் நான் ஏ.சி. சுவிட்சுக்கு மேலே உள்ள சின்னப் பெட்டியில், கரண்டை நிறுத்துகிற கருப்புக் குமிழைக் கீழே இறக்கியிருந்தேன்.

"ஒரு ஃபேஸ் போயிடுச்சுங்க. வெயில் காலம்ல, லோடு தாங்கல."

"கீழ் வீட்டுல ஓடுதே?"

"அது வேற ஃபேஸ்." என் கை தானாக மூக்கு நுனியைத் தடவியது.

அந்தக் குமிழையும் இரண்டு நாளில் கண்டுபிடித்து ஏற்றிவிட்டார். ரிமோட்டைத் தூக்கினார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏ.சி. காத்துல முடி ரொம்பக் கொட்டுமாம்."

கை அந்தரத்தில் நின்றது. "யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

ரிமோட் உறைக்குள் போனது. அந்த ஒரு பொய்யில் ஒரு வாரம் ஓடியது. நான் சொன்னதிலேயே தரமான பொய் அதுதான்.

"அம்மா," என்றாள் வெண்பா தனியாக. "எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேல ஏறினா மழை வரும்னு சொன்னேல்ல? அதே மாதிரி நீ மூக்கைத் தொட்டா பொய் வருது."

பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம் என் மேலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் வேர்வை சொட்டச் சொட்ட அவர் அவளை மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டார். "வெண்பாக் குட்டி, உங்கம்மா ஏன் ஏ.சி.ன்னாலே பதறுறா? உனக்குத் தெரியுமா?"

வெண்பா வாயைத் திறந்தாள்.

நான் கையிலிருந்த சூடான வடையை அந்த வாய்க்குள் வைத்துவிட்டேன். பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பிள்ளைக்கு. அவள் மென்று முடிப்பதற்குள் அவர் கேட்ட கேள்வியை மறந்து, "எனக்கு வடை?" என்று கேட்டார். வடை ஒரு நல்ல ஆயுதம்.

குட்டிகளுக்குக் கண் திறந்தது. முதுகில் மெல்லிசாகக் கோடு விழுந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாள் தாக்குப்பிடித்தால் வெளியே வந்துவிடும் என்று என் கணக்கு. அதற்குள் அவருக்கும் உடம்பில் ஏதோ விழுந்துவிட்டது. கழுத்து, முதுகு, தோள் எல்லாம் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு.

"போதும் எழில். முடி போனாப் போகட்டும். உயிர் இருந்தாப் போதும். முஜீப்புக்குப் போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை வந்து பெட்டியைக் கழட்டி, தண்ணி பீச்சிக் கழுவித் தரேன்னுட்டான்."

முஜீப் பூந்தமல்லி ஏ.சி. மெக்கானிக். நல்ல பையன். அந்த வாரம் முழுக்க அவன் எனக்கு எமனாகத்தான் தெரிந்தான். கழட்டினால் கூடு தெரியும். தண்ணீர் பீச்சினால் குட்டி சாகும். இரண்டும் நடக்காவிட்டால் ஏ.சி. ஓடும், அப்போதும் குட்டி சாகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து. வெண்பா வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடவேயில்லை. "அம்மா, நீ ஏதாவது பண்ணுவேல்ல?" என்றாள். "பண்ணுவேன்" என்றேன். என்ன பண்ணுவேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை வந்தது. சட்டையில்லாமல், விசிறிக்கு முதுகைக் காட்டியபடி அவர் முஜீப்புக்காகக் காத்திருந்தார். நான் அடுப்படியில் கையைப் பிசைந்தேன். அப்போது எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா பார்வதம், கீழ் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை கொண்டுவந்தார். வாசலில் நின்று என் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்தார். கீரை கீழே விழுந்தது. இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா தாயே! எப்போ வந்தே?"

என் வீட்டுக்காரர் பதறி எழுந்தார். "எங்கம்மாவா? போன்கூடப் பண்ணலையே? எங்க?"

"உன் மேலதான் நைனா வந்துகீறாங்க!"

"என் மேலயா?"

"இன்னா எழிலு, இத்தப் பார்த்துகினு சும்மாவா கீறே? அம்மை போட்டுகீது! கழுத்துல, முதுகுல, பாரு, முத்து முத்தா!"

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. அது வேர்க்குரு என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வருவதுதான். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இருந்திருந்தால் அணிலாவது ஒன்றாவது, நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். அம்மை என்று நான் சொல்லவில்லை. அம்மை இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

"அப்படியாம்மா?" என்றேன். கை மூக்குக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

அவர் அதற்குள் போனில் தேடிவிட்டார். முகம் வெளுத்தது. "எழில், போட்டிருக்கிற எல்லா அறிகுறியும் எனக்கு இருக்கு. சோர்வு இருக்கு. எரிச்சல் இருக்கு. பசி இல்ல."

"காலையில பத்து இட்லி சாப்பிட்டீங்களே?"

"பசி இல்லாமத்தான் சாப்பிட்டேன்."

பார்வதம்மா வேப்பங்கொத்து ஒடித்து வந்து எங்கள் வாசல் நிலையில் செருகினார். தரையில் கோரைப்பாய், அதன்மேல் வேப்பிலை, அதன்மேல் என் வீட்டுக்காரர். பிறகு அந்த அம்மா சொன்ன வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

"அம்மாக்கு வேப்பிலைக் காத்துதான் ஆகும். மிஷின் காத்து ஆகவே ஆகாது. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் அந்தப் பொட்டியத் தொடாதே நைனா."

மூன்று தண்ணி என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, சுகம் பார்த்துத் தள்ளியோ, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. மூன்றாவது தண்ணீர் ஊற்றினால்தான் அம்மை இறங்கியதாகக் கணக்கு. தள்ளி வைப்பது என் கையில்.

மாரியம்மா, மன்னித்துக்கொள், கூழ் ஊற்றுகிறேன் என்று மனதுக்குள் கும்பிட்டேன். அந்த நேரத்தில் கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

முஜீப் ஏணியோடும் தண்ணீர் பீச்சும் மோட்டாரோடும் வந்துவிட்டான். மாடிப்படி ஏறினவன் வாசல் நிலையைப் பார்த்ததும் நின்றான்.

"இன்னாக்கா, வேப்பிலை கட்டிக் கீது?"

"அண்ணனுக்கு அம்மை போட்டிருக்குப்பா."

"ஐயோ!" இரண்டு படி பின்னால் இறங்கினான். "நான் உள்ள வரலக்கா. எங்க ஊட்லயும் இப்டித்தான், வேப்பிலையத் தாண்டிப் போனேன்னு தெர்ஞ்சா எங்கம்மா என்னைத் தொலைச்சிடும்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றது. உள்ளே பாயிலிருந்து குரல்.

"தம்பி! உள்ள வர வேணாம்ப்பா! வெளிப்பெட்டிய மட்டும் வெளியிலிருந்தே கழுவிட்டுப் போ! ஏணி இருக்குல்ல?"

"அதான பார்த்தேன். அத்த வெளிய நின்னே பண்ணலாம்ண்ணா!"

முஜீப் கீழே இறங்கி அடுப்படிப் பக்கம் ஏணியைச் சாத்தினான். குழாயை மோட்டாரில் மாட்டி ஓட்டிவிட்டு, ஏணியில் கால் வைத்தான். நான் படியில் ஓடினேன், ஓடும்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெண்பா எனக்கு முன்னால் ஓடி ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா? ஏணிய உடு."

உதடு துடித்தது அவளுக்கு. வாயைத் திறக்கவில்லை. அவன் 'ஏன்' என்று கேட்கவில்லையே! நான் திரும்பிப் பார்த்தேன். பார்வதம்மா இடுப்பில் கையோடு நின்றிருந்தார்.

"அம்மா," என்றேன் கடைசி முயற்சியாக, "அவருக்கு முதல் தண்ணியே இன்னும் ஊத்தல. அதுக்குள்ள இந்தத் தம்பி வீட்டு மேல தண்ணி ஊத்தப் போறேங்குது. பரவாயில்லீங்களா?"

பார்வதம்மாவின் கண் விரிந்தது.

"டேய் முஜீபு! இறங்குடா! அம்மாக்கு மொதத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி ஊட்டுக்குத் தண்ணி ஊத்துவியா நீ? நிறுத்துடா மோட்டார!"

அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முஜீப்புக்கு அது போதுமாக இருந்தது. "மூணு தண்ணி ஆனதும் போன் போடுக்கா" என்று ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டான். வெண்பா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு வந்த நாட்கள் அவருக்குக் கஷ்டம்தான். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, காரம் இல்லை. கூழ், மோர், இளநீர். ஆபீசுக்கு லீவு. ஜன்னல் ஓரம் பாயில் படுத்து மரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அம்மை வீட்டில் போன் பார்க்கக்கூடாது என்று பார்வதம்மா புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்.

வெண்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரையும் பழக்கிவிட்டாள். "நேத்து இல்லாதது இன்னைக்கு என்னப்பா இருக்கு?"

"அந்தக் கிளையில பூ மாதிரி ஏதோ விட்டிருக்கு."

"அப்புறம்?"

"அந்தக் காக்கா நேத்தும் இதே குச்சியத்தான் தூக்கிட்டுப் போச்சு. கீழ போட்டுட்டு மறுபடி தூக்குது. நம்ம மேனேஜர் மாதிரி."

அவர் திரும்பிப் படுத்தபோது வெண்பா கூவினாள். "அம்மா! பாய் பதிஞ்சு அப்பா முதுகுல கோடு! மூணு இல்ல, நிறைய!"

"நாலாவது கோடு போடறேன்னாரு உங்கப்பா," என்றேன். "போட்டுக்கிட்டாரு."

இரண்டாம் தண்ணீர் ஊற்றின மறுநாள் காலை, ஜன்னலிலிருந்து பெரிய கூச்சல். "ஏய்! ஏய்! புடி, புடி! விழுந்துடாதே!" ஓடிப்போய்ப் பார்த்தேன். வாதாம் இலை நுனியில் ஒரு குட்டி அணில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு. என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். குட்டி மேலே ஏறியதும் அவர் விட்ட பெருமூச்சு கீழ் வீடு வரை கேட்டிருக்கும்.

"எங்கிருந்து வந்துச்சு எழில், இத்துணூண்டா?"

"பக்கத்துல எங்கயோ இருந்து," என்றேன். மூக்கு அரித்தது.

அவசரமாக மறுநாளே மூன்றாம் தண்ணீரை ஊற்றினேன். அம்மை இறங்கியது. வேர்க்குருவும் வேப்பிலைக்குப் பயந்து ஓடிவிட்டது. குட்டிகள் மரத்தில். காலியான கூட்டை வெண்பா பள்ளிக்கூடத்தில் காட்ட எடுத்துக்கொண்டாள். எல்லாம் சுபம் என்று நான் உட்கார்ந்த நேரத்தில் கோமளா டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. பிள்ளைகள் கவனித்ததைச் சொல்லும் நாள். இரண்டு பெற்றோரும் வரவும்.

இரண்டு பெற்றோரும்.

மேடையில் முதலில் வந்த பிள்ளைகளில் மூன்று பேர் கையில் அதே கேரட் மூக்குப் பனிப் பொம்மை இருந்தது. என் வீட்டுக்காரர் நெளிந்தார். அப்புறம் வெண்பாவின் மேசையில் இருந்த கூட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"எழில், அந்த நீலத்தை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"நீலம் எல்லா இடத்துலயும் இருக்கும்ங்க."

வெண்பா மைக் முன்னால் நின்றாள்.

"என் மரம் வாதாம் மரம். தையில சிவந்துச்சு. மாசியில கொட்டுச்சு. அப்புறம் துளிர்த்துச்சு. என் பிராணி அணில். பங்குனியில மூணு குட்டி போட்டுச்சு." நிறுத்தினாள். இலக்கணப்படி மூச்சு வாங்கினாள். "அதனால எங்க அப்பாவுக்கு அம்மை போட்டுச்சு."

டீச்சர் குனிந்தார். "அணில் குட்டி போட்டா அப்பாவுக்கு எப்படிம்மா அம்மை போடும்?"

வெண்பா முகம் பளிச்சென்று ஆனது. இத்தனை நாள் அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"கேக்காம சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. இப்ப நீங்க கேட்டுட்டீங்க!"

சொன்னாள். கடுகுக்குள் பாட்டரி. கருப்புக் குமிழ். முடி. வடை. வேர்க்குரு. முதல் தண்ணி. ஒன்றுகூட விடவில்லை. சிரிப்பில் கூடம் இடிந்து விழும்போல் இருந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இவ்வளவும் எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எல்லாத்துக்கும் அறிகுறி இருக்கு டீச்சர். எறும்பு முட்டையைத் தூக்கிட்டு ஏறினா மழை. குயில் கத்தினா மாவடு. எங்க அம்மா மூக்கைத் தொட்டா பொய்."

திரும்பி வரும்போது அவர் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு போனது, பேசவில்லை. பாலம் போனது, பேசவில்லை. பின்னால் உட்கார்ந்த எனக்கு முதுகுதான் தெரிந்தது. முதுகை வைத்துக் கோபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெண்பாவைக் கேட்கலாம் என்றால் அவள் முன்னால் நின்றுகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தார். முகம் கழுவினார். உறையை உருவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"மூணு தண்ணி," என்றார். "அதுவும் மஞ்சத் தண்ணி. கண்ணுல வேற போச்சு."

"சின்ன உயிருங்க. உங்ககிட்ட சொன்னா..."

"நாலாவது கோடு போட்டிருப்பேன்." ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். "அந்தத் தொங்கினது இருக்கே, அது ரொம்பப் பயந்துடுச்சு. அன்னைக்கு நானே பாயை விட்டு எழுந்துட்டேன். சரி, விடு. குட்டிங்க போயாச்சு. கூடும் பள்ளிக்கூடம் போயாச்சு. முஜீபு அப்புறம் வரட்டும். இனிமே ஏ.சி. போடலாம்ல?"

"தாராளமா."

"உள்ள ஒண்ணும் இல்லையே?"

அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்திருந்தேன். வரும்போது ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கூட்டை நாங்கள் எடுத்துவிட்ட கோபமோ என்னவோ, வாய் நிறையப் புதுத் தேங்காய் நாரோடு ஒரு வால் குழாய்ச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த வெண்பா தலையைத் தூக்கவில்லை.

"அப்பா. மூக்கு."

அவர் என்னைப் பார்த்தார். மூக்கு நுனியில் இருந்த என் விரலைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். அதை மெதுவாக உறைக்குள் போட்டு, மூடி, பக்கத்தில் வைத்தார்.

"அம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதாம், எழில். இந்தத் தடவை எனக்கு என்ன வியாதின்னு இப்பவே சொல்லிடு. ஆபீசுக்கு லீவு எழுதணும்."